குறைந்து தோன்றும் கருக்கள்

பூதிகோட்டைக்கு மேற்கே பெங்களூரு உள்ளது. கோலார் தங்கவயல் தமிழர் பலர் நாள்தோறும் ரயிலேறி வேலைக்குச் செல்லும் நகரம் அது. இன்டெல் நிறுவனத்தின் ஜியான் 7400 செயலி வரிசை அங்கேதான் வடிவமைக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் வெளிவந்த அதன் சில்லில் 190 கோடி டிரான்சிஸ்டர்களும், 'கோர்' எனப்படும் கருக்கள் ஆறும் இருந்தன. ஆயினும் அவ்வரிசையின் இ7440 நான்கு கருக்களையே காட்டும். சில்லு ஒன்றே, இரண்டு கருக்கள் ஆலையிலேயே அணைக்கப்பட்டன. அதனைப் பழுதெனக் கருதிக் கணினியைப் பிரிப்பவர் வீணே உழைப்பர்.

ஆகவே முதலில் மாதிரி எண்ணைப் பார்த்தல் வேண்டும். ஒரு கரு இரண்டு தருக்கச் செயலிகளாகத் தோன்றுவதுண்டு. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் இவ்விரு எண்ணிக்கைகளையும் தனித்தனியே காட்டும். இவற்றைக் குழப்பிக்கொள்வோர் பலர். கருக்கள் உண்மையாகவே குறைந்திருப்பின், எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, 'பூட்' பகுதியின் கூடுதல் தெரிவுகளைக் காண வேண்டும். செயலி எண்ணிக்கைக் கட்டத்தில் குறியிருந்தால் விண்டோஸ் அவ்வளவையே பயன்படுத்தும். வேகம் கூடுமென நம்பி யாரேனும் இட்ட குறியாக அது இருக்கலாம். குறியை நீக்கி, கணினியை மீண்டும் இயக்கிய பின்னும் மாறாவிடில், பயாஸ் அமைப்பில் கருக்கள் அணைக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

வினா: இ7440 செயலியில் நான்கு கருக்களே தோன்றுவது பழுதா? காரணம் தருக.