எல்லை தாண்டினாலும் பதிவு ஒன்றுதான்



"பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆகப் போவுது. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குது. திருவனந்தபுரத்துல காட்டலாமா? கேரளாக்காரங்க எழுதித் தர்றது இங்க செல்லுமா?" களியக்காவிளை தாண்டினால் அடுத்த மாநிலம். அதனால் இந்தச் சந்தேகம் நமக்கு வருவது இயல்புதான்.

காதைப் பரிசோதித்து, எந்தக் கருவி வேண்டும் என்று சொல்பவர் ஆடியாலஜிஸ்ட். பேச்சுப் பயிற்சி தருபவர் ஸ்பீச் தெரபிஸ்ட். இவர்களைப் பதிவு செய்ய நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு இருக்கிறது. அது 1992-ம் ஆண்டு சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருந்தால் இந்தியாவில் எங்கும் தொழில் செய்யலாம். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள, 1997-ல் தொடங்கிய 'நிஷ்' நிறுவனத்தில் படித்தவரும், மைசூரில் படித்தவரும் இந்தப் பதிவு இருந்தால் மார்த்தாண்டத்திலும் வேலை பார்க்கலாம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி லைசென்ஸ் தருகிறது. அந்தச் சிரமம் தீர மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2021-ல் 10 மாநிலங்கள் சேர்ந்த பிறகே அது சட்டப்படி உயிர் பெற்றது. நமக்கோ அந்த வசதி சட்டத்திலேயே இருக்கிறது.

ஆகவே, "எந்த ஊர்க்காரர்?" என்று கேட்பதை விட "பதிவு இருக்கா?" என்று கேட்பதே முக்கியம். பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் தண்டனை கிடைத்தாலும், பொருந்தாத கருவிக்குக் கொடுத்த கடன் பணமும், பிள்ளை பேச்சு பழக வேண்டிய காலமும் திரும்பி வராது.

நாம் செய்ய வேண்டியவை:

1. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.
2. கவுன்சிலின் இணையதளத்தில் அந்தப் பெயரைச் சரிபாருங்கள். படித்த பிள்ளைகள் உதவுவார்கள்.
3. முறையான பரிசோதனை இல்லாமல் கடையில் கருவி வாங்காதீர்கள்.
4. கடன் எடுக்கும் முன், இலவசக் கருவி கிடைக்குமா என்று நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

குழுவில் பேசுங்கள்: நம்ம ஊரில் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை உண்டா? அந்தத் தாயுடன் துணைக்குப் போக யார் தயார்?