பின்னுக்கு ‘டங்’னு கேக்குதா, தம்பி?

ஹட்டனில் ஒரு ஸ்பெயார்ஸ் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற அக்கா நான். கொழுந்து ஏற்றும் ட்ரெக்டர் ஓட்டுகிற தம்பிமார் வந்தால் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, ட்ரெய்லருக்கு ஒரு சோடி பேரிங் தாங்க. பின்னுக்கு டங் டங்குன்னு அடிக்குது.” பேரிங் விற்பதில் கடைக்கு என்ன நட்டம்? ஆனால் அதைப் பூட்டிக்கொண்டு போனவன் மறுகிழமை அதே சத்தத்தோடு வாசலில் வந்து நிற்பான். பழுதான பேரிங் முதலில் உறுமும், பிறகு நறநறக்கும். ‘டங்’ என்று ஒரே அடியாக அடித்தால், எங்கேயோ இரண்டு இரும்புக்கு நடுவில் ஆட்டம் விழுந்திருக்கிறது. அந்த ஆட்டம் எங்கே என்று தெரியாமல் காசைக் கொட்டாதே.

எங்கே கேட்கிறது என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெரியாது. ட்ரெய்லரின் சட்டம் முழுக்க இரும்பு. பின் அச்சில் விழுகிற அடி உன் முதுகுக்குப் பின்னால் விழுந்த மாதிரி கேட்கும். எப்போது கேட்கிறது என்று சொல், போதும். கிளம்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, பள்ளத்தில் விழும்போதா, முடக்கில் திருப்பும்போதா? வெறும் பெட்டியிலா, லோடோடா? இதற்குப் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கிளம்பும்போது ஒரு ‘டங்’, பிரேக் பிடிக்கும்போது ஒரு ‘டங்’. இதுதான் அதிகம் வருகிற முறைப்பாடு, காரணமும் அநேகமாகக் கொழுவுகிற இடத்தில்தான். இழுக்கும்போது ட்ரெய்லர் வளையம், அதைக் கொழுவுகிற பின்னை ஒரு பக்கம் பிடித்து இழுக்கும். பிரேக் பிடித்தால் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். வளையம் மறுபக்கம் போய் மோதும். இடையில் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு சத்தம். தலவாக்கலையிலிருந்து லிந்துலைப் பக்கம் ஏறிப் போகும்போது ஒன்றும் கேட்காது, ஏனென்றால் ஏற்றம் முழுக்க வளையம் இறுகியே இருக்கும். கியர் மாற்றுகிற அந்த நொடியில் மட்டும் ஒரு அடி. அதைக் கேட்டுவிட்டுக் கியர்பொக்ஸ் போய்விட்டது என்று பயந்து வந்தவர்களும் உண்டு.

பார்க்கிற விதம் இதுதான். ட்ரெக்டரையும் ட்ரெய்லரையும் மட்டமான இடத்தில் நிறுத்தி, ட்ரெய்லர் டயருக்கு முன்னும் பின்னும் கல் வை. அதற்குப் பிறகுதான் பின்னைக் கழற்ற வேண்டும். மண்ணெண்ணெய்த் துணியால் பின்னைத் துடைத்து, மேலிருந்து கீழாகப் பெருவிரல் நகத்தை ஓட்டு. நடுவில் நகம் உள்ளே இறங்கினால் பின் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்தது வளையம். அதன் உள்பக்கத்தில் முன்விளிம்பைப் பார். இழுவை முழுக்க அங்கேதான் விழுகிறது. மெலிவதும் அங்கே, அறுந்தால் அறுவதும் அங்கேதான். ட்ரெக்டர் பக்கத்துத் தகட்டில் தேய்வது ஓட்டையின் பின்விளிம்பு. மேல்தகடு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் கீழ்த்தகட்டின் ஓட்டையையும் குனிந்து பார்.

பின் மட்டும் தேய்ந்திருந்தால் பின்னை மாற்று, மலிவான வேலை. வளையம் மெலிந்திருந்தால் வளையத்தை மாற்று. வெல்டிங் ரொப்பித் தேய்த்துக் கொடுக்கிற பாஸ்மார் இருக்கிறார்கள், கைவேலையும் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் கொழுந்துச் சாக்குக்கு மேல் ஆட்களும் ஏறி உட்காருகிற பெட்டிக்கு அதை நம்பச் சொல்லி என் வாயால் சொல்லமாட்டேன். ஆட்களை ஏற்றுவதே பிழை, அது வேறு கதை.

பின் தொலைந்தால் கொங்கிரீட் கம்பியை வெட்டிச் சொருகுகிற வேலை வேண்டாம். மரை போட்ட போல்டும் வேண்டாம், மரையின் பல் ஓட்டையை அரம் போல் அராவும். தலை உள்ள சரியான பின், அடியில் அது எகிறாமல் இருக்கப் பூட்டுப்பின், அதற்கு மேல் ஒரு காப்புச் சங்கிலி. இந்த மூன்றும் இல்லாமல் இறக்கத்தில் இறங்காதே. ட்ரெய்லரை ட்ரெக்டரின் மேல்தண்டு பூட்டுகிற உயரத்தில் ஒருபோதும் கொழுவாதே. ஏற்றத்தில் இழுக்கும்போது முன்சக்கரம் எழும்பி ட்ரெக்டர் உன் மேலேயே மல்லாக்கக் கவிழும்.

பின்னும் வளையமும் சரியாக இருந்தும் அடிக்கிறதா? ட்ரெக்டரின் தூக்குக்கைகள் இரண்டையும் பார். பக்கச் சங்கிலி தளர்ந்திருந்தால் அவை ஆடி ஆடி டயரிலோ சட்டத்திலோ மோதும். ட்ரெய்லர்மேல் பழி போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் அலைகிறார்கள்.

இன்னொரு ஆள் கிடைத்தால், டயருக்குக் கல் வைத்தபடியே, ட்ரெக்டரைச் சின்ன கியரில் ஓர் அங்குலம் முன்னுக்கும் ஓர் அங்குலம் பின்னுக்கும் அசைக்கச் சொல். நீ பக்கத்தில் தள்ளி நின்று பார். இரண்டுக்கும் நடுவில் நிற்காதே. தொட்டுப் பார்க்கிற ஆசையில் கையை விடாதே. எந்த இடம் முதலில் அசைகிறது, எது பிந்தி அசைகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

பள்ளத்தில் விழும்போது மட்டும் அடித்தால் கதை ஸ்பிரிங் பட்டையில். பெட்டியில் என்ன இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கொழுந்து இடத்தை அடைக்கும், ஆனால் பாரம் குறைவு. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால் மலைக்கும் மடுவத்துக்கும் பெக்டரிக்குமாக அதே பெட்டி நாள் முழுக்க ஓடுகிறது. அப்போது லொடலொட என்று சத்தம் போடுவது பெரும்பாலும் பின்கதவின் கொண்டி, பலகை, தொங்கும் சங்கிலி. வெறும் பெட்டியில் கூடி, லோடு ஏற்றியதும் அடங்குகிற சத்தத்துக்கு ஒரு கயிறோ ரப்பர்த் துண்டோ போதும், கராஜுக்குப் போகாதே. அடுப்புக்கு விறகோ உரமூட்டையோ ஏற்றிய பிறகு கனத்த குரலில் அடிக்கிறதா? அது வேறு நோய்.

ஸ்பிரிங் தொங்குகிற இரும்புக் காதில் புஷ் தேய்ந்திருக்கலாம். பட்டைகளில் ஒன்று முறிந்திருக்கலாம். முறிந்த இடம் சேற்றுக்குள் மறைந்திருக்கும், கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அச்சையும் ஸ்பிரிங்கையும் கட்டிப் பிடிக்கிற யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். தளர்ந்த இடத்தை இரும்பே காட்டிக்கொடுக்கும்: நட்டைச் சுற்றிச் செம்பொடியாகத் துரு கசிந்திருக்கும், உரசுகிற இடம் வெள்ளி மாதிரி மினுங்கும்.

யூ போல்ட் தளர்ந்தபடியே ஓட்டினால் பட்டைகளின் நடுவில் இருக்கிற சென்டர் போல்ட் அறும். அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க கராஜ் தேவையில்லை. முன் வளையத்தில் ஒரு நூலைக் கட்டி அச்சின் வலது முனைவரை அள, அதே நூலால் இடது முனைவரை அள. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அச்சு நகர்ந்திருக்கிறது. நேர்ரோட்டில் பின்னால் வருகிறவனுக்கு உன் ட்ரெய்லர் சாய்ந்து சாய்ந்து போவது தெரியும், உனக்குத்தான் தெரியாது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற முடக்குகளில் எதிரே பஸ் வரும்போது அந்தக் கொஞ்ச சாய்வே போதும், வினை வர.

லோடைப் பின்பக்கம் குவித்தாலும் சத்தம் வரும். விறகை அச்சுக்குப் பின்னால் அடுக்கினால் முன்வளையம் மேலே எழும்பப் பார்க்கும். ஒவ்வொரு மேட்டிலும் எகிறி விழுந்து ‘டொக்’ என்னும். ட்ரெக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிமானமும் குறையும், மழையில் வழுக்கும். பாரம் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து இருக்கட்டும். ஒரு ரூபாய் செலவில்லாமல் நிற்கிற சத்தம் இது.

வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறைகிற ‘டொக்… டொக்… டொக்’ சக்கரத்தினுடையது. முதலில் டயரின் காடிக்குள் கல் மாட்டியிருக்கிறதா பார். இல்லையென்றால் வீல் நட்டுகள். இறுக்கும்போது வட்டமாகப் போகாமல் எதிரெதிராக இறுக்கு. சக்கரம் கழற்றிப் பூட்டிய அன்று சாயங்காலமே இன்னொரு தடவை ஸ்பானர் போடு. பிறகு ஜக் அடித்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ‘கடக்’ என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டுக் கேட்கும்போது மணல் அரைபடுவது போலிருந்தால் பேரிங் முடிந்தது. ஓடி வந்து நிறுத்தியதும் இரண்டு ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோ. பிரேக் இல்லாத ட்ரெய்லரில் ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்துப் பேரிங்தான். தளர்ந்த பேரிங்கை இறுக்குவதென்றால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கனத்ததும் கொஞ்சம் பின்வாங்கி, லேசாகச் சுழல்கிற இடத்தில் புது ஸ்பிளிட் பின் போடு. பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிற சிக்கனம் வேண்டாம்.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா கிரகரி வாவிக்கோ, காசல்ரீக்கோ படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதே வரிசைதான். அவர்களுக்கு ஒன்று கூடுதல்: மலையேறி வந்து சூடாக இருக்கிற ஹப்பை உடனே தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும், கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடிக்கும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஆறவிட்டு இறக்கச் சொல்லுங்கள். கரையில் நிற்கும்போது, படகு ட்ரெய்லரின் உருண்டைக் கொக்கியும் மூடியும் ஒரே அளவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லிமீட்டர் மூடியைச் சிறிய உருண்டைமேல் போட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அடிக்கும், ஒருநாள் கழன்றும் போகும்.

மரக்கறித் தோட்டங்களில் லேண்ட்மாஸ்டர் கை ட்ரெக்டர் ஓட்டுகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெட்டி ஒரே பின்னில்தான் தொங்குகிறது. அது தேய்ந்தால் சத்தத்தோடு கைப்பிடியும் இரண்டு பக்கமும் அலையும். இறக்கத்தில் லோடு தள்ளும்போது பக்கக் கிளட்சைப் பிடித்தால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும் என்பது பழகியவனுக்குத் தெரியும். அலைகிற கைப்பிடியோடு அந்தக் கணக்கும் பிழைக்கும். லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கும் முன் அந்தப் பின்னை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

வட்டவளை இலங்கையிலேயே மழை கொட்டித் தீர்க்கிற இடங்களில் ஒன்று; அந்தப் பக்கத்துத் தோட்ட ரோட்டில் ஓடுகிறவர்கள் மே மாதம் பிறக்கும் முன் வளையம், பின், புஷ், ஹப் எல்லாவற்றுக்கும் கிரீஸ் வைத்துவிடுங்கள். பழைய கிரீஸை வழித்து எடுத்துவிட்டு வையுங்கள். மேலே மேலே அப்பினால் உள்ளே இருக்கிற மணல் அங்கேயே இருந்து அறுக்கும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய ட்ரெக்டர்களையே இழுத்துப் பிடித்து ஓட்டினோம், இப்போதும் ஓடுவது அவைதான். ட்ரெய்லரோ ஊர்ப் பட்டறையில் கட்டியது. எந்த வண்டியின் அச்சு அதற்குள் இருக்கிறது என்று கட்டியவருக்கே மறந்திருக்கும். அதனால் கடைக்கு வரும்போது “ட்ரெய்லர் பேரிங்” என்று மட்டும் சொல்லாதே. கழற்றிய பேரிங்கையே கொண்டு வா, அதன் வளையத்தின் முகத்தில் எண் பொறித்திருக்கும். புஷ் என்றால் பழைய புஷ்ஷோடு அதன் போல்டும். பின் என்றால் பின்னோடு, தகட்டின் ஓட்டைமேல் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்த அடையாளமும். பழைய சாமான் இல்லாமல் வந்தால் நான் ஊகித்துத்தான் கொடுக்க வேண்டிவரும், பூட்டிய சாமானைக் கடை திரும்ப எடுக்காது.