டிராம்போனும் அதைச் சீர் செய்யும் கைகளும்

முன்னுரை

திருமண ஊர்வலமானாலும், ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிக் கூட்டமானாலும், பங்குக் கோவிலின் தேர்ப்பவனியானாலும் முன்னால் பேண்டு வாத்தியம் முழங்குவது நம் பகுதியின் வழக்கம். அக்குழுவில் ஒருவர் நீண்ட பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அக்கருவியே டிராம்போன். வாசிப்பவரைக் கைதட்டிப் பாராட்டுகிறோம். ஆனால் அது பழுதானால் சீர் செய்பவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

பேண்டு இசையும் நம் ஊரும்

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் (1775–1835) தம் முதல் கீர்த்தனையைத் திருத்தணி மலையில் பாடினார் என்பது மரபு. அவரே இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் அமைத்தார். ஏறத்தாழ நாற்பது பாடல்கள் உள்ள இவற்றை நோட்டுஸ்வரங்கள் என்பர். ஆகவே பேண்டு இசை நமக்கு அந்நியமானதன்று.

பேண்டுக் கருவிகள் நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் ஜாலி கோட்டி என்னும் பகுதி இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்குள்ள நாதிர் அலி கம்பெனி 1885ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆனால் மீரட் எங்கே, திருத்தணி எங்கே! கருவி பழுதாகும்போதெல்லாம் அதைச் செய்த இடத்திற்கே அனுப்ப இயலாது. எனவேதான் எந்தக் கம்பெனியையும் சேராமல் தனியாகத் தொழில் செய்யும் கைவினைஞர் நமக்குத் தேவைப்படுகிறார்.

டிராம்போன் வேலை செய்யும் விதம்

சாதாரண டிராம்போனின் குழாயை நேராக நீட்டினால் சுமார் 2.7 மீட்டர் இருக்கும். இதில் விரலால் அழுத்தும் கட்டைகள் இல்லை. ஸ்லைடு எனப்படும் வெளிக்குழாயை நகர்த்தியே ஸ்வரத்தை மாற்ற வேண்டும். குழாய் நீண்டால் ஸ்வரம் தாழும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அரை ஸ்வரம் தாழ, குழாயின் நீளம் சுமார் 6 விழுக்காடு கூட வேண்டும். 2.7 மீட்டருக்கு அது 16 சென்டிமீட்டர். ஸ்லைடில் இரண்டு குழாய்கள் சேர்ந்து நகர்வதால் கையை 8 சென்டிமீட்டர் நீட்டினாலே போதும். இவ்வாறு ஸ்லைடுக்கு ஏழு நிலைகள் உண்டு. நிலைகளைக் காட்டும் குறி எதுவும் அதில் இல்லை. வாசிப்பவரின் காதும் கையுமே அளவுகோல்.

வெளிக்குழாய்க்கும் உட்குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழை போன்றது. ஆகவே சிறிய ஒடுக்கு விழுந்தாலும் ஸ்லைடு சிக்கிக்கொள்ளும். இரு குழாய்களும் இம்மியளவு கோணினாலும் உரசும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். வாசிப்பவரின் எச்சில் ஈரம் உள்ளே தங்கினால், நாளடைவில் துத்தநாகம் அரிக்கப்பட்டுச் செந்நிறப் புள்ளிகள் தோன்றும். அவ்விடத்தில் உலோகம் வலுவிழந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு தேய்த்தாலும் அப்புள்ளி போகாது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் செங்கல் பொடியும் போட்டு டிராம்போனைத் தேய்க்கவே கூடாது. தகடு மிக மெல்லியது. மேலும் தேய்ந்தால் ஓட்டை விழும்.

எங்கள் வீட்டில் கண்டது

என் பெரியப்பா ஒரு பேண்டுக் குழுவில் டிராம்போன் வாசிக்கிறார். ஒருமுறை வெளியூர்க் கச்சேரிக்குச் சென்றபோது வேனில் பெரிய டிரம் சரிந்து ஸ்லைடின்மேல் விழுந்தது. தை முகூர்த்தங்களுக்கு ஆறு வாரங்களே இருந்தன. அந்த மூன்று மாத வருமானத்தில்தான் அவர் வீட்டில் ஆண்டு முழுவதற்கும் அரிசியும் பள்ளிக் கட்டணமும். ஒரு கடையில், “இது இனித் தேறாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்கள். பாத்திரத்திற்கு ஒடுக்கு எடுப்பவரோ, “குடம் என்றால் தட்டிவிடுவேன் அண்ணே, இது என் கைக்கு அடங்காது” என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

பின்னர், போலீஸ் பேண்டில் வாசித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சென்னையில் ஒரு கைவினைஞரின் முகவரியைக் கொடுத்தார். பெரியப்பாவுடன் நானும் மின்சார ரயிலில் சென்றேன். அக்கைவினைஞர் எடுத்தவுடன் கூலி சொல்லவில்லை. முதலில் ஸ்லைடின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே பொருத்தி இழுத்துப் பார்த்தார். ஒன்று தாராளமாக ஓடியது. மற்றொன்று ஓரிடத்தில் நின்றது. “ஒடுக்கு இங்கே” என்று விரலை வைத்தார். உள்ளே எஃகுக் கம்பியைச் செலுத்தி, வெளியிலிருந்து சிறிது சிறிதாக நீவி ஒடுக்கை எடுத்தார். அதன் பிறகும் இரண்டையும் சேர்த்தால் உரசியது. சமதளமான இரும்புப் பலகைமேல் வைத்துக் கோணலைக் கண்டு நேராக்கினார். ஒரு முனையை விரலால் அடைத்து ஊதி, காற்று கசிகிறதா என்றும் சோதித்தார். பட்டறையில் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை, பொறுமைதான் இருந்தது. கூலியோ புதிய வாத்தியத்தின் விலையில் சிறு பங்கே.

நல்லவரைக் கண்டறியும் வழி

1. முதலில் வாசிப்பவர்களிடம் கேட்க வேண்டும். போலீஸ் பேண்டு, ஆலயப் பேண்டு, கல்யாணப் பேண்டு ஆகியவற்றில் இருப்போருக்கு யார் கை நல்ல கை என்பது தெரியும்.

2. பழைமையான இசைக்கருவிக் கடைகளிலும் விசாரிக்கலாம். சென்னை அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கல், 1842ஆம் ஆண்டில் மிஸ்கித் கம்பெனி என்ற பெயரில் தோன்றியதாகும். கடையில் வேலை நடக்காவிட்டாலும் வழி தெரியக்கூடும்.

3. அவர் இதற்குமுன் டிராம்போன் ஸ்லைடு சீர் செய்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். நாதஸ்வரத்திலோ ஹார்மோனியத்திலோ வல்லவர் இதிலும் வல்லவராக இருப்பார் என்பதில்லை.

4. சோதித்துப் பார்க்காமல் கூலி சொல்பவரிடமும், எல்லாவற்றையும் பளபளப்பாக்கித் தருவதாகச் சொல்பவரிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மெருகு ஏற ஏற உலோகம் தேயும்.

5. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று விளக்குபவரே நம்பத் தக்கவர்.

6. திரும்ப வாங்கும்போது வாசிப்பவரே அங்கு வாசித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

முடிவுரை

தோழியரே! பழுதான பொருளைத் தூக்கி எறிவது எளிது. ஆனால் ஒரு டிராம்போன் மௌனமானால் ஒரு குடும்பத்தின் அடுப்பும் அணையக்கூடும். மேடையில் நின்று வாசிப்பவருக்கு மாலை விழுகிறது. பட்டறையில் குனிந்து அதைச் சீர் செய்பவருக்கு விழுவதில்லை. இருவரில் ஒருவர் இல்லையென்றாலும் இசை இல்லை. கூர்ந்து பார்க்கும் கண்ணும், நுட்பமாகக் கேட்கும் காதும், அவசரப்படாத கையும் இத்தொழிலுக்குப் போதும். இவை மூன்றும் பெண்களாகிய நம்மிடமும் உண்டு. தையல் கற்கிறோம், தட்டெழுத்து கற்கிறோம். நம்மில் ஒருத்தி இக்கலையையும் கற்கட்டும். கைத்தொழிலை மதிப்போம், கைவினைஞரைப் போற்றுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி