பழைய மடக்குக்கத்தி சேர்க்கிறாயா தம்பி? அக்கா சொல்லும் டிப்ஸ்

தம்பி, நீ பழைய மடக்குக்கத்திகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறாய் என்று கேட்டதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நம் திருவண்ணாமலை இதற்குத் தோதான ஊர். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து தரைக்கடை விரிக்கிறார்கள். காயலான் கடைகளில் பழைய வீடுகளைக் காலி செய்த சாமான் வந்து விழுகிறது. ஆசிரமங்களுக்கு வரும் வெளிநாட்டவர் கைமாற்றிப் போகும் பொருள்களும் உண்டு. நல்ல கத்தியும் போலியும் ஒரே சாக்கில்தான் கிடக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள். விற்பவர் சொல்வது கதை, கத்தியில் இருப்பது சாட்சி. அந்தச் சாட்சியைப் படிக்கப் பழகு. வாங்கிய பிறகு அதை உன் கையாலேயே அழித்துவிடாதே. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

1. முதலில் நம்ம ஊர் மடக்கைத் தெரிந்துகொள்

மடக்குக்கத்தி என்றதும் வெள்ளைக்காரன் கத்தியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். நமக்கென்று ஒன்று இருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை பிரித்துச் சொல்லியிருக்கிறார். மடக்கெழுத்தாணியில் எழுதும் ஊசியை மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். சிலவற்றில் ஒரு முனையில் ஊசி, மறு முனையில் ஓலையை வாரும் சிறு கத்தி. இரண்டும் பிடிக்குள் போய்விடும். கணக்கு எழுதியவர், ஏடு படித்தவர், பாடம் சொன்னவர் என்று பலரும் வைத்திருந்த கருவி இது. அருணகிரிநாதர் பிறந்த ஊர், எல்லப்ப நாவலர் அருணாசல புராணம் பாடிய தலம், மடங்கள் நிறைந்த ஊர். இங்கே ஏடும் எழுத்தாணியும் எத்தனை கை மாறியிருக்கும் என்று யோசித்துப் பார்.

காயலான் கடைக்காரர் இதைத் துருப்பிடித்த ஊசி என்று ஒதுக்கி வைத்திருக்கலாம். எழுத்தாணியின் முனை ஓலையைக் கிழிக்காமல் கீற வேண்டும். அதனால் புழங்கிய முனை தையல் ஊசிபோல் குத்தாது, லேசாக மழுங்கி வழுவழுப்பாக இருக்கும். விரல் பிடித்த இடமும் வழுக்கும். முனை கூராக, உடம்பு முழுக்க ஒரே மாதிரி கறுப்பாக, அரம் ராவிய கோடு புதிதாகத் தெரிந்தால் கீழே வைத்துவிடு.

வாங்குவதற்கு முன் அசலைக் கண்ணால் பார்த்துவிடு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் போன்ற இடங்களுக்குப் போகும்போது ஓலைச்சுவடிகள், பழைய இரும்பு, பித்தளைச் சாமான்கள் உள்ள பகுதிகளில் நிதானமாக நில். கண் பழகினால்தான் கை ஏமாறாது.

2. அலகின் அடியில் பார்

ஆங்கிலேயர் காலத்துப் பேனாக்கத்திகளில் நம் நாட்டில் அதிகம் பேர் கேட்டு வாங்கிய பெயர் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ். பெயருக்கு மவுசு இருந்ததால் போலியும் பெருகியது. கத்தியைத் திறந்து, அலகு பிடியோடு சேரும் அடிப்பாகத்தை லென்ஸ் வைத்துப் பார். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்ததுதான் அந்த நிறுவனத்தின் முத்திரை. 1764 முதல் அவர்களுடையது. பெயரின் நடுவில் 'டி' எழுத்து இருக்க வேண்டும். ஒரு எழுத்தை விட்டோ மாற்றியோ போட்டவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள்.

1822-இல் அந்த நிறுவனத்துக்கு அரச குடும்பத்தின் ஆதரவு கிடைத்தது. அதன் பிறகு பல கத்திகளில் கிரீடத்தோடு அரசர் பெயரின் முதல் எழுத்துகளும் இருக்கும். 'வி.ஆர்.' என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. 'இ.ஆர்.' என்றால் ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910 வரை. 'ஜி.ஆர்.' வந்தால் நிதானி. நான்காம் ஜார்ஜும் ஜார்ஜ்தான், 1910-இல் பட்டமேறிய ஐந்தாம் ஜார்ஜும் ஜார்ஜ்தான். இரண்டுக்கும் நடுவே எண்பது ஆண்டு. அந்த எழுத்தை மட்டும் காட்டி இருநூறு வருஷக் கத்தி என்று ஒருவர் விலை சொன்னால் நம்பாதே, மற்றத் தடயங்களையும் சேர்த்துப் பார்.

முத்திரை எப்படி விழுந்திருக்கிறது என்பதும் முக்கியம். அந்தக் காலத்தில் அச்சை வைத்து அடித்தார்கள். எழுத்து உள்ளே இறங்கி, அடியில் பழைய அழுக்கு படிந்திருக்கும். அலகு தேய்ந்த அளவுக்கு எழுத்தும் தேய்ந்திருக்கும். தேய்ந்து மெலிந்த அலகில் எழுத்து மட்டும் நேற்று அடித்ததுபோல் பளிச்சென்று நின்றாலோ, மேலோட்டமாகச் சாம்பல் நிறத்தில் கீறியதுபோல் தெரிந்தாலோ அது பின்னால் ஏற்றியது.

3. காலத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்ன விஷயங்கள்

இந்த வருஷங்களை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்.

'ஸ்டெயின்லெஸ்' என்று அலகில் எழுதியிருந்தால் அது 1913-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருவாக்கிய வருஷம் அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி 1858-இலேயே முடிந்துவிட்டது. கம்பெனி பெயரும் ஸ்டெயின்லெஸ் அலகும் ஒரே கத்தியில் இருந்தால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில் வந்தது. பழைய மடக்குக்கத்திகளை ஆணி அடித்து, தலையைத் தட்டிப் பரப்பித்தான் பூட்டினார்கள். கூட்டல் திருகாணி இருந்தால் கத்தி புதிது, இல்லையென்றால் யாரோ பிரித்து வேறு துண்டு மாட்டியிருக்கிறார்கள்.

'மேட் இன் ஜெர்மனி' என்பது போன்ற நாட்டுப் பெயர், இங்கிலாந்து 1887-இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்த பிறகு பரவியது.

நம் ஊருக்கு வரும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் மரப்பிடி ஓப்பினெல் கத்தியைப் பார்க்கலாம். முடிசூட்டிய கை அதன் சின்னம், 1909-இல் வந்தது. அலகு மடங்காமல் பூட்டும் சுழல் வளையம் 1955-இல்தான் சேர்ந்தது. சிவப்புப் பிடி சுவிஸ் கத்தியில் 'விக்டோரினாக்ஸ்' என்ற முழுப்பெயர் இருந்தால் அது 1921-க்குப் பிந்தியது.

4. பிடியைத் தொட்டு, முகர்ந்து பார்

எலும்புப் பிடியில் கறுப்புப் புள்ளிகளாக நுண்துளைகள் தெரியும். கொம்பில் அடுக்கடுக்காக நார் ஓடும். பிளாஸ்டிக்கில் இரண்டும் இருக்காது, அச்சில் வார்த்த கோடு ஓரத்தில் நிற்கும். முத்துப்போலவோ ஆமையோடு போலவோ மினுக்கும் சில பிடிகள் செல்லுலாய்டு. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் சூடம் வாசனை வரும், ஏனென்றால் அதைச் சூடம் சேர்த்துத்தான் செய்தார்கள். ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். செய்யவே செய்யாதே. செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பித்தளை என்று சொன்னால் காந்தம் வை. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்.

5. தேய்மானம் ஒத்துப்போகிறதா?

என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும் விட நம்பகமான சோதனை. புழங்கிய கத்தியில் எல்லா இடமும் சேர்ந்து தேயும். பல தடவை தீட்டிய அலகு ஒடுங்கியிருக்கும், பிடியின் ஓரம் உருண்டிருக்கும், பூண் மழுங்கியிருக்கும், நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தின் விளிம்பு மெத்தென்று ஆகியிருக்கும். பிடி மட்டும் தேய்ந்து அலகு முழு அகலத்தோடு இருந்தால் அலகை மாற்றியிருக்கலாம். இரண்டு அலகு உள்ள கத்தியில் இரண்டிலும் முத்திரை இருந்தால் ஒத்துப்போகிறதா என்று பார்.

மெதுவாகத் திறந்து மூடு. முதுகுப்பட்டை நன்றாக இருந்தால் 'டக்' என்று நிற்கும். பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது. மூடியபின் அலகின் முனை பிடிக்கு வெளியே துருத்தக் கூடாது.

துருவும் பேசும். பழைய துரு கறுத்து, குழிக்குள் உட்கார்ந்திருக்கும். ஆசிட் வைத்து வரவழைத்த துரு ஆரஞ்சு நிறத்தில் எல்லா இடத்திலும் சமமாகப் பூத்திருக்கும், விரலில் ஒட்டும்.

பாக்குவெட்டிக்கும் இதே கணக்குத்தான். கிளி, யானை உருவத்தில் புதிதாக வார்த்ததைப் பழசு என்று கொடுப்பார்கள். கட்டைவிரல் படும் இடத்திலும் மூட்டாணியைச் சுற்றியும் தேய்மானம் இருக்கிறதா பார். புனே போனால் ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாக்குவெட்டிகளைத் தவறவிடாதே. எத்தனை விதமாகச் செய்திருக்கிறார்கள் என்று அங்கே புரியும்.

6. கடையில் எப்படிப் பேசுவது

"இது பிரிட்டிஷ் காலத்துதா அண்ணே?" என்று நீயே எடுத்துக் கொடுக்காதே, "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "இது எந்த ஊரு வீட்டுலேருந்து வந்துச்சுண்ணே?" என்று கேள். செங்கம், போளூர், ஆரணி என்று ஒரு ஊர்ப் பெயர் கிடைத்தாலும் லாபம்தான். பௌர்ணமி இரவுக் கூட்டத்தில், மங்கிய வெளிச்சத்தில் முடிவு செய்யாதே. மறுநாள் காலை வெயிலில் காட்டச் சொல். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதே. வாங்காவிட்டாலும் மரியாதையாகப் பேசிவிட்டு வா. அடுத்த சாக்கைப் பிரிக்கும்போது அவர் உன்னைக் கூப்பிடுவார்.

7. சட்டம் தெரியாமல் கை வைக்காதே

யானைத் தந்தம், மான் கொம்பு பிடி போட்ட கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதே. 1972-ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது வினை. தந்தத்தின் குறுக்குவெட்டில் வலைபோல் பின்னிய கோடுகள் தெரியும், அதை வைத்து அடையாளம் கண்டு விலகு.

நூறு வருஷம் கடந்த பொருள், தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடும். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ தனியாருக்கு அனுமதி இல்லை. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டு நண்பர் கேட்டார் என்று பார்சல் போட்டுவிடாதே. கோயில் சொத்தாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் அங்கேயே விட்டுவிடு.

வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் அல்லாத கத்தியில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் ஆயுத விதிகள் குறுக்கே வரும். நமக்குப் பேனாக்கத்தி போதும். அதையும் கிரிவலத்துக்கோ கோயிலுக்கோ பையில் போட்டுக்கொண்டு போகாதே. தீபத்தன்று சோதனையில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

8. வீட்டுக்கு வந்ததும் செய்யக் கூடாதது

பூஜைப் பாத்திரம் தேய்க்கிற பழக்கத்தில் பித்தளையைக் கண்டதும் புளியை எடுப்போம். கத்தியில் புளி, எலுமிச்சை, செங்கல்பொடி எதுவும் படக் கூடாது. நூறு வருஷமாகப் படிந்த நிறம் ஒரு தேய்ப்பில் போய்விடும். வயதைச் சொல்ல அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்? சாணை பிடிக்கிறவரிடமும் கொடுக்காதே. கல் ஒரு சுற்றுச் சுற்றினால் முத்திரையும் அலகின் வடிவமும் சேர்ந்தே போகும்.

உலர்ந்த பருத்தித் துணியால் துடை. செந்துரு இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, மறுநாள் துணியாலேயே ஒற்றி எடு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். மூட்டாணியில் மட்டும் எண்ணெய் எப்போதும் இருக்கட்டும்.

தோல் உறையில் வைத்துப் பூட்டாதே. தோல் ஈரத்தை இழுத்து அலகை அரிக்கும். செல்லுலாய்டு பிடிக் கத்தியைத் தனி டப்பாவில், காற்று போகும்படி வை. அது சிதையும்போது வரும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வாரம் ஒருமுறை திறந்து பார். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வை.

9. அட்டை இல்லாத கத்தி அநாதை

ஒவ்வொரு கத்திக்கும் ஒரு அட்டை எழுது. வாங்கிய தேதி, இடம், விலை, விற்றவர் சொன்ன ஊர், மில்லிமீட்டரில் நீளம், முத்திரை எழுத்துகள், உனக்கு இருக்கும் சந்தேகம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடு. விற்றவர் சொன்னதை ஒரு வரியிலும் நீ கண்டுபிடித்ததை வேறு வரியிலும் எழுது. இரண்டும் கலந்துவிட்டால் உனக்குப் பின்னால் பார்க்கிறவர் எதை நம்புவார்?

தொடங்க வேண்டிய இடம் கடை இல்லை, நம் வீடுதான். ஆயாவின் டிரங்குப் பெட்டியிலும் பெரியப்பா மேஜை இழுப்பறையிலும் தேடு. கிடைத்தால் அது யாருடையது, எதற்கு வைத்திருந்தார் என்று பெரியவர்களிடம் உட்கார்ந்து கேள். சந்தையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத விவரம் அது. இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதிவிடு தம்பி. அதுதான் உன் சேகரிப்பின் முதல் அட்டையாக இருக்கட்டும்.