வகுக்காமலே தெளிந்த பகா எண்

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 127 இரண்டுகளைத் தம்முட் பெருக்கி ஒன்று குறைத்தால் வரும் எண் பகா எண் என 1644-இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவியார் கூறினார், நிறுவினாரல்லர். அவ்வெண் 39 இலக்கமுடையது. ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தே தெளிவோமெனின் நம் ஆயுள் போதாது.

1876-இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் வேறொரு வழி கண்டார். 1930-இல் லேமர் அதனைச் செம்மை செய்தார். சிறியதோர் உதாரணத்தால் அதனை நோக்குவாம். ஏழு இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைய 127 ஆகும். நான்கை வர்க்கித்து, இரண்டு கழித்து, 127-ஆல் வகுத்து மீதியைக் கொள்க. அம்மீதியையும் அவ்வாறே செய்க. 14, 67, 42, 111, 0 என முறையே வரும். ஏழினும் இரண்டு குறைந்த ஐந்தாம் படியிற் சுன்னம் வந்தமையின் 127 பகா எண்ணே. நமது 39 இலக்க எண்ணுக்கும் 125 படிகளே வேண்டும்.

அவ்வெண் பகா எண்ணே என லூக்காஸ் 1876-இல் நிறுவினார். 1951 வரை, அறியப்பட்ட பகா எண்களுள் அதுவே பெரிது. பின்னர்க் கணிப்பொறிகள் அதனினும் பெரியவற்றைக் கண்டன.

மெர்சென் 67 இரண்டுகளுக்கும் அவ்வாறே கூறியிருந்தார். அது பிழையென்பதையும் லூக்காஸ் அவ்வாண்டிலேயே கண்டார். ஆயினும் அதன் காரணிகளாகிய 193707721, 761838257287 என்பவற்றை 1903-இல் கோல் என்னும் அமெரிக்கரே காட்டினார். ஒருவர் வாக்கில் ஒன்று மெய்யாயிற்று, ஒன்று பொய்யாயிற்று. கூறியவர் பெருமையன்று, நிறுவிய முறையே கணிதத்தில் நமக்குச் சான்றாவது.