களையெடுக்கும் இயந்திரம் நின்றுவிட்டால்: அடையாளம், சோதனை, பழுதுநீக்கம்



பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் களையெடுக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. பருத்தியும் மக்காச்சோளமும் முளைத்து மூன்று வாரத்துக்குள் முதல் களை எடுத்தாக வேண்டும். மழை பெய்தால் கரிசலில் கால் வைக்க முடியாது. வெயில் அடித்தால் இறுகிவிடும். இடையில் பதம் இருக்கும் சில நாட்களில் மெஷின் நின்றுவிட்டால் அந்தப் பதமும் போகும், பிறகு ஆள் பிடித்துக் களையெடுக்கும் கூலியும் சேரும்.

நம் அறக்கட்டளை சிறு விவசாயிகளுக்கு இரவலாகக் கொடுத்து வரும் பவர் வீடர், மையவாடியில் புல் வெட்டப் பயன்படும் பிரஷ் கட்டர் ஆகியவை “ஓடவில்லை” என்று திரும்பி வருவதுண்டு. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் எந்தப் பாகமும் உடைந்திருக்காது. பழைய பெட்ரோல், தூசி அடைத்த ஃபில்டர், குறைந்துபோன ஆயில் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இவற்றை வயலிலேயே சரிசெய்துகொள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

வெளிநாடுகளில் புல்தரைப் பராமரிப்பு வேலை பார்த்து வந்த சகோதரர்கள் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியைப் பார்த்திருப்பார்கள். அதில் பேட்டரியும், ஆள் இறங்கினால் எஞ்சினை நிறுத்தும் இருக்கை சுவிட்சும் கூடுதலாக இருக்கும். மற்றபடி பெட்ரோல் எஞ்சினுக்கான சோதனை முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் அடையாளம்

கடையில் போய் “வீடருக்கு ஃபில்டர் கொடுங்கள்” என்று கேட்டால் பொருந்தாத சாமான்தான் வரும். இயந்திரத்தின் சட்டத்தில் ஒரு தகடு இருக்கும். அது வீடரின் பெயரும் எண்ணும். எஞ்சினுக்குத் தனியாக மாடல் பெயரும், உடலில் பொறித்த வரிசை எண்ணும் உண்டு. வீடரை ஒரு நிறுவனமும் எஞ்சினை வேறொரு நிறுவனமும் செய்திருக்கலாம். ஆகவே இரண்டையும் மண் துடைத்து, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளக், ஃபில்டர், கார்புரேட்டர் வாங்க எஞ்சின் எண். பிளேடு, பெல்ட், கியர் சாமான் வாங்க வீடர் எண்.

அடுத்து, எஞ்சின் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று பாருங்கள். எஞ்சினில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோல் தனி, ஆயில் தனி. ஆயில் மூடியே இல்லாமல் பெட்ரோல் டேங்க் மட்டும் இருந்தால் டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். 1:50 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 1:25 என்றால் 40 மில்லி. எந்த அளவு என்பதை அந்த மெஷினின் கையேடு சொல்லும். கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சிறிது நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவு சில நேரம் புது எஞ்சின் விலைக்கே வந்துவிடும். பிரஷ் கட்டரில் இரண்டு வகையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ்35 எஞ்சின் சிறியதானாலும் ஃபோர் ஸ்ட்ரோக்தான். எனவே மூடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள், உருவத்தைப் பார்த்து அல்ல.

கை வைக்கும் முன்

பிளேடு, ரோட்டர், பெல்ட் எதைத் தொடுவதாக இருந்தாலும் எஞ்சினை நிறுத்தி, பிளக் கேப்பைக் கழற்றித் தள்ளி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரோட்டரைக் கையால் சுற்றும்போது எஞ்சினும் சேர்ந்து சுழன்று ஒருமுறை வெடித்தால் விரல் போய்விடும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

கீழ்க்கண்ட வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

1. சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் தேவையில்லை.

2. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் அளவைப் பாருங்கள். வீடரைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்160 போன்றவற்றில் ஆயில் மூடியைத் திருகாமல் நுழைத்து எடுத்து அளவு பார்க்க வேண்டும். இந்த வகையில் பல எஞ்சின்களில் ஆயில் குறைந்தால் பொறியை நிறுத்திவிடும் பாதுகாப்பு உண்டு. “கரண்ட் வரவில்லை, காயில் போய்விட்டது” என்று காயில் மாற்றும் செலவு சில வேளை அரை லிட்டர் ஆயிலில் முடிந்துவிடும்.

3. பெட்ரோல் எத்தனை மாதப் பழசு? இப்போது நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீர் அடியில் பிரியும். பெட்ரோலும் கெட்டுக் கோந்து போல் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். பழையதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு இருந்தால் அதையும் திறந்து வடியுங்கள்.

4. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போயிருக்கிறது: துடைத்துக் காயவைத்து, சோக் இல்லாமல் ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து இழுங்கள். பலமுறை இழுத்தும் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை: குழாய், ஃபில்டர், கார்புரேட்டர் பக்கம் பாருங்கள். கறுத்துக் கரி பிடித்திருந்தால் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். முனை இடைவெளி ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

5. பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் உடலைத் தொடும்படி வைத்துக் கயிறை இழுங்கள். பிளக் துளையிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் தள்ளி வைத்துச் செய்யுங்கள். பொறி இல்லை என்றால் புது பிளக் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் செல்லலாம்.

ஓடி ஓடி நின்றுவிடுகிறது

பத்து நிமிடம் ஓடி நின்று, சிறிது நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனால் முதலில் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். மூடியில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு. அதில் மண் அடைத்தால் டேங்குக்குள் காற்று புகாது, பெட்ரோல் இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் சரியாக ஓடினால் அந்தத் துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

இழுவை இல்லாமல் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். சோக் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கரிசல் தூசி மாவு போல் நுண்ணியது. கோடை உழவில் தினமும் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். பஞ்சு ஃபில்டரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கசக்கிக் காயவைத்து, சுத்தமான எஞ்சின் ஆயிலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டரை மெதுவாகத் தட்டினால் போதும். அதற்கு ஆயில் படக்கூடாது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இழுவை கூடியது போல் தெரியும். ஆனால் அந்தத் தூசி சிலிண்டரை உப்புத்தாள் போல் தேய்த்துவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் வெண்மையோ நீலமோ கலந்த புகை வந்தால் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், அல்லது வண்டியை ஒருபக்கம் சாய்த்து ஏற்றி வந்திருக்கலாம். அளவைச் சரிசெய்தும் புகை நிற்கவில்லை என்றால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும். அது மெக்கானிக் வேலை.

ரோட்டரும் பிளேடும்

ரோட்டர் தண்டில் கொடியும் நாரும் சுற்றிக்கொண்டால் உடனே நிறுத்தி அறுத்து எடுங்கள். விட்டுவிட்டால் நார் ஆயில் சீலுக்குள் புகுந்து கியர் ஆயில் கசியும். பிளேடு மாற்றும்போது இடது, வலது செட் வேறு வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். சுற்றும் திசையில் கூர்ப்பக்கம் இருக்க வேண்டும். மாறி மாட்டினால் மண்ணைக் கிளறாமல் வண்டி மேலே குதிக்கும். ஈரக் கரிசலில் ஓட்டாதீர்கள். மண் அப்பி ரோட்டர் உருளையாகிவிடும்.

பிரஷ் கட்டரில் பிளேடு நட்டு பல மாடல்களில் இடமறை. வழக்கமான திசையில் திருகிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகி மறை போய்விடும். தட்டியின் துளையில் கம்பியைக் கொடுத்துத் தண்டு சுற்றாமல் நிறுத்திக்கொண்டு கழற்றுங்கள். சீமைக் கருவேலத் தூரில் பிளேடு பட்டால் மெஷின் திடீரென்று பக்கவாட்டில் உதைக்கும். கண்ணாடி, காலணி, பாதுகாப்புத் தட்டி மூன்றும் இல்லாமல் ஓட்டக்கூடாது.

எடுத்து வைக்கும் முறை

மானாவாரி மெஷின் இரண்டு மூன்று மாதம் உழைக்கிறது; தை முதல் புரட்டாசி வரை சும்மா கிடக்கிறது. அது கெடுவது உழைக்கும்போது அல்ல, சும்மா கிடக்கும்போதுதான். எனவே அறுவடை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட்டிக் கார்புரேட்டரைக் காயவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்குச் சுமார் 0.6 லிட்டர் 10டபிள்யூ-30 ஆயில் போதும். புது எஞ்சினில் முதல் 20 மணி நேரத்திலும், பிறகு ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். வடித்த ஆயிலைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். எலி வயரைக் கடிக்காத இடத்தில், மழைச்சாரல் படாமல் நிறுத்துங்கள்.

நம்மிடம் இரவல் பெறுவோருக்கு ஒரு வேண்டுகோள். திருப்பித் தரும்போது மண்ணைக் கழுவி, பெட்ரோலை வடித்து, எத்தனை மணி நேரம் ஓடியது, எங்கே சத்தம் கேட்டது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதுங்கள். இரவல் பொருள் அமானிதம். அடுத்து வாங்கிச் செல்லும் ஏழை விவசாயிக்கும் அதே பதம்தான், அதே சில நாட்கள்தான். உங்கள் ஒரு வரி அவருடைய ஒருநாள் வேலையைக் காப்பாற்றும், இன்ஷா அல்லாஹ்.