கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரே குறிப்பேடு: பொருத்தமான செயலியைத் தெரிவு செய்தல்

"தற்போது என்னென்ன மருந்துகள் எடுக்கிறீர்கள்?" என்று வைத்தியர் கேட்கும்போது, அந்தப் பட்டியல் வீட்டுக் கணினியில் மட்டும் இருந்தால் பயனில்லை. மருந்தின் அளவை நினைவிலிருந்து சொல்வதும் பாதுகாப்பானதன்று. ஒரு கருவியில் எழுதியதை மற்றதிலும் காட்டும் குறிப்பேட்டுச் செயலி இக்குறையைத் தீர்க்கும். நீங்கள் எழுதுவது இணையம் வழியாக நிறுவனத்தின் சேவையகத்தை அடைந்து, அதே கணக்கில் உள்நுழைந்துள்ள ஏனைய கருவிகளுக்கும் செல்கிறது. இதுவே ஒத்திசைவு எனப்படும்.

1. உங்கள் கருவிகளைக் கவனியுங்கள்

ஐபோனும் மேக் கணினியும் வைத்திருப்போருக்கு, அவற்றுடனேயே வரும் ஆப்பிள் நோட்ஸ் போதுமானது. ஆனால் ஆண்ட்ராய்டு தொலைபேசிக்கு அச்செயலி கிடையாது. ஆண்ட்ராய்டு தொலைபேசியும் விண்டோஸ் கணினியும் உடையோருக்குக் கூகுள் கீப், மைக்ரோசாஃப்ட் ஒன்நோட் ஆகிய இரண்டும் ஏற்றவை. சிறு பட்டியல்களுக்குக் கீப் எளிது; பாடக் குறிப்புகள் போன்ற நீண்டவற்றைப் பிரிவு பிரிவாக அடுக்க ஒன்நோட் உதவும். இவற்றைக் கட்டணமின்றித் தொடங்கலாம். எனினும் இலவசத் திட்டங்களின் எல்லையை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். எவர்நோட் நிறுவனம் 2023ஆம் ஆண்டின் இறுதியில் தனது இலவசத் திட்டத்தை 50 குறிப்புகளுக்குள் மட்டுப்படுத்தியது.

2. தமிழில் சோதித்துப் பாருங்கள்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். ஆகவே யுனிகோட் தமிழில் எழுதுங்கள். கணினியில் ஒரு குறிப்பை எழுதி, அதிலுள்ள தமிழ்ச் சொல் ஒன்றைத் தொலைபேசியில் தேடுங்கள். பின்னர் தொலைபேசியின் இணைய இணைப்பை நிறுத்திவிட்டு, அதே குறிப்பு திறக்கிறதா என்று பாருங்கள். சமிக்ஞை கிடைக்காத இடங்களில் இது மிகவும் முக்கியம்.

3. ஒத்திசைவு காப்புப் பிரதி ஆகாது

ஒரு கருவியில் அழித்த குறிப்பு மற்றக் கருவியிலிருந்தும் மறைந்துவிடும். அழித்தவற்றைக் கீப் 7 நாள்கள் வரையும் ஆப்பிள் நோட்ஸ் ஏறத்தாழ 30 நாள்கள் வரையும் வைத்திருக்கும். அதன்பின் மீட்க இயலாது. எனவே முக்கியமான குறிப்புகளை அவ்வப்போது அச்சிட்டோ வேறொரு கோப்பில் பிரதியெடுத்தோ வைத்திருங்கள்.

4. கணக்கைப் பாதுகாத்தல்

தொலைபேசி தொலைந்தாலும் கணினி வழியாகக் குறிப்புகளைத் திறக்கலாம். ஆயினும் இரு படிநிலைச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால், உள்நுழைவுக் குறியீடு தொலைந்த தொலைபேசிக்கே செல்லக்கூடும். ஆதலால் கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளில் கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளை இப்போதே அச்சிட்டு வீட்டில் வையுங்கள்.

நூலகம் போன்ற பொது இடங்களின் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம். பணி முடிந்ததும் மறவாமல் வெளியேறுங்கள். வங்கிக் கடவுச்சொல், அட்டை இலக்கம் ஆகியவற்றைச் சாதாரணக் குறிப்பில் எழுதுவதைத் தவிருங்கள். பிறரின் உதவியோடு கணக்குத் தொடங்குவோர், கடவுச்சொல்லைத் தாமே தெரிவு செய்வது நன்று.

பயிற்சி

இந்த வாரம் ஒரேயொரு குறிப்பை உருவாக்குங்கள். மருந்தின் பெயர், அளவு, எடுக்கும் நேரம், ஒவ்வாமை, அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். மருந்துப் பெயர்களைப் பெட்டியில் அச்சிட்டுள்ளவாறே ஆங்கில எழுத்திலும் குறியுங்கள். தமிழ் அறியாத தாதியரும் வைத்தியரும் அவற்றை வாசிக்க இது உதவும். அக்குறிப்பு இரு கருவிகளிலும் தவறாமல் திறந்தால், உங்களுக்கேற்ற செயலியைத் தெரிவு செய்துவிட்டீர்கள் எனலாம். பின்னர் ஏனைய குறிப்புகளை ஒவ்வொன்றாக அதில் சேர்த்துக்கொள்ளலாம்.